நாடா அன்ரனா குப்பையென்றால், எது அன்ரனா?

போன வருசம் ஒரு பயிற்சிப்பட்டறைக்குப் போயிருந்தேன். நடத்தினவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. ஒளித்து வைத்த ஒரு சின்ன ஒலிபரப்பியை, கையில் அன்ரனாவோடு நடந்து தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லித் தருவதாக அறிவித்திருந்தார்கள். உலகம் முழுக்க அமெச்சூர் வானொலிக்காரர்கள் இதை 'நரி வேட்டை' என்பார்கள். ஒலிபரப்பிதான் நரி. இருபத்தைந்து பிள்ளைகள் வந்திருந்தார்கள். மேசையில் இருந்ததோ வெளிநாட்டிலிருந்து வந்த ஒரேயொரு அன்ரனா. பளபளவென்ற அலுமினியக் கோல்கள், அதற்கென்று தைத்த கறுப்புப் பை. காலையில் எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் வசனம், "ஒருத்தரும் தொடவேண்டாம்."

பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி தான் செய்துகொண்டு வந்ததைப் பையிலிருந்து எடுத்தாள். ஒரு துண்டு எஸ்லோன் பைப். அதில் மேசன்மார் பாவிக்கிற மஞ்சள் அளவுநாடாவை வெட்டிப் பூட்டிய மூன்று கோல்கள். "சேர், இதுவும் வேலை செய்யும் எண்டு வாசிச்சனான். ஒருக்கா பாப்பமே?"

சேர் சிரித்தார். "தங்கச்சி, உது விளையாட்டுச் சாமான். திசை பாக்கிறதெண்டால் மெற்றீரியல் சரியா இருக்கவேணும். உந்தக் குப்பையால பிழையான பழக்கம்தான் வரும்."

பிள்ளை நாடாவை மடக்கித் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டாள். பிற்பகல் ஆளுக்கு இரண்டு நிமிடம் அலுமினியத்தைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டோம். இருபத்தைந்து பேரில் ஒருவரும் நரியைப் பிடிக்கவில்லை.

அந்த நாடாவுக்காக வாதாடத்தான் இதை எழுதுகிறேன். 'மெற்றீரியல் சரியாக இருக்கவேண்டும்' என்று சேர் சொன்னதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. 'சரி' என்பதை எதை வைத்து அளந்தார் என்பதுதான் பிரச்சினை. அவர் பளபளப்பை வைத்து அளந்தார். திசைகாணும் அன்ரனாவுக்குப் பொருள் தேர்கிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருள் திசையைப் பற்றி எனக்குப் பொய் சொல்லுமா?

அம்மம்மாவின் ரேடியோ

திசைகாணல் எங்களுக்குப் புதுசில்லை. அம்மம்மா பின்னேரத்தில் திருச்சி வானொலி கேட்கும்போது ரேடியோவை மேசையில் அங்காலும் இங்காலும் திருப்புவா. ஒரு பக்கம் திருப்பினால் நன்றாகக் கேட்கும், இன்னொரு பக்கம் திருப்பினால் சத்தம் செத்துப்போகும். அந்த ரேடியோவுக்குள் ஒரு கறுப்புக் கோல் இருக்கிறது. பெரைற் கோல், அதில் மெல்லிய செப்புக்கம்பி சுற்றியிருக்கும். மத்திய அலைக்கு அதுதான் அன்ரனா. கோலின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் சத்தம் கூடும். கோலின் நுனி நிலையத்தை நேராகக் காட்டினால் சத்தம் விழும்.

இதில் கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. சத்தம் கூடின இடத்தில் ரேடியோவைக் கொஞ்சம் திருப்பினால் பெரிய வித்தியாசம் தெரியாது. சத்தம் செத்த இடத்தில் கொஞ்சம் திருப்பினாலே போதும், சட்டென்று திரும்ப வந்துவிடும். ஆகவே திசையைக் கூர்மையாகச் சொல்வது சத்தம் இல்லாத திசைதான். நான் அதை 'மௌனத் திசை' என்று சொல்லிக்கொள்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து திருச்சி வடமேற்கே இருக்கிறது. பகலில் 936 கிலோஹேர்ட்சைப் பிடித்து ரேடியோவைத் திருப்பிப் பாருங்கள், கோல் அந்தப் பக்கம் நுனி காட்டும்போது சத்தம் இறங்கும். இரவில் செய்தால் குழம்பும். இரவில் அலை வானத்தில் பட்டுத் திரும்பியும் வருவதால் மௌனத் திசை மங்கிவிடும். பிழை அன்ரனாவில் இல்லை.

கையில் பிடிக்கும் யாகி அன்ரனாவிலும் இதே கதைதான். மூன்று கோல் யாகியின் முன்பக்கத்தைப் பத்துப் பதினைந்து பாகை திருப்பினாலும் சமிக்ஞை ஒரு டெசிபெல்கூடக் குறையாது. "இந்தப் பக்கந்தான் கூட" என்று காதால் சொல்லிவிட ஏலாது. பின்பக்கத்தின் மௌனம் அதைவிடக் கூர்மையானது. அனுபவக்காரர்கள் முன்னால் பார்த்துப் பாதையைத் தெரிந்துகொண்டு, பின்னால் திருப்பி உறுதி செய்வார்கள். ஐந்து பாகை பிழைத்தால் ஒரு கிலோமீற்றர் தூரத்தில் கிட்டத்தட்ட 87 மீற்றர் விலகிப் போவோம். நாலைந்து வளவு தள்ளி நிற்போம்.

ஆகவே அன்ரனாவின் பொருளுக்கு இருக்கிற வேலை அந்த மௌனத்தைக் காப்பாற்றுவது. அதிக சத்தம் தருவது இரண்டாம் பட்சம்.

ஒரு டெசிபெலுக்கு ஒரு தேர்த்திருவிழா

அலுமினியக் கட்சியின் பெரிய வாதம் கடத்துதிறன். இரும்பு மின்சாரத்தை மோசமாகக் கடத்துகிறது, செம்பும் அலுமினியமும் நன்றாகக் கடத்துகின்றன என்பார்கள். உண்மைதான். ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்பதையும் சொல்ல வேண்டும்.

145 மெகாஹேர்ட்சில் மின்னோட்டம் கோலின் தோலில் மட்டும் ஓடும். செம்பில் அந்தத் தோலின் ஆழம் ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஐந்தரைப் பங்கு. ஆகவே "தடிச்ச செம்புக்கோல்தான் வேணும்" என்பவர் கோலின் உள்ளே இருக்கிற செம்புக்கு வீணாகக் காசு கொடுக்கிறார். அளவுநாடாவின் உருக்கில் இழப்பு கூடத்தான். நான் உருக்குக்குப் பாதகமான எண்களையே போட்டுக் கணக்குப் பார்த்தேன். மூன்று கோல் யாகியில் மொத்த இழப்பு ஒரு டெசிபெலைத் தாண்டவில்லை. ஒரு டெசிபெல் வித்தியாசத்தைக் காது பிடிப்பதே அருமை.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். நரியிலிருந்து ஒரு கிலோமீற்றரில் நிற்கிறீர்கள். பத்து மீற்றருக்கு வந்தால், திறந்தவெளிக் கணக்கில், சமிக்ஞை 40 டெசிபெல் கூடும். அதாவது பத்தாயிரம் மடங்கு. ஒரு மீற்றருக்கு வந்தால் 60 டெசிபெல், பத்து இலட்சம் மடங்கு. ரேடியோ நிரம்பி வழியும், எந்தப் பக்கம் திருப்பினாலும் முழுச் சத்தம். அதனால்தான் நரி வேட்டைக்காரர் எல்லோரும் சமிக்ஞையைக் குறைக்கிற ஒரு கருவியை நடுவில் பூட்டி, வந்ததை அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறார்கள்.

விளங்குதா? வேட்டையின் கடைசிப் பகுதியில் 60 டெசிபெலை நாங்களாகவே வீசுகிறோம். தொடக்கத்தில் ஒரு டெசிபெலைக் காப்பாற்ற வெளிநாட்டு அலுமினியத்துக்குக் காசு கட்டுகிறோம். கிணத்துத் தண்ணியை வாளி வாளியாய் இறைச்சு ஊத்துற ஆள், வாளியில் ஒட்டின துளிக்கு அழுத மாதிரி.

நாடா அன்ரனா ஒன்றும் பரிதாபத்தில் பிறந்த சாமானும் இல்லை. ஜோ லெஜியோ என்ற அமெரிக்க அமெச்சூர் வானொலிக்காரரின் வடிவமைப்புத்தான் உலகம் முழுக்கப் பிரபலமானது. முன்பக்கப் பெருக்கத்தைவிடப் பின்பக்க மௌனத்துக்கு முதலிடம் கொடுத்து வரைந்த அளவுகள் அவை. பின்கோல் சுமார் 105 சென்ரிமீற்றர். நடுக்கோல் இரண்டு பாதி, பாதிக்கு 45, நடுவில் இரண்டரை சென்ரிமீற்றர் இடைவெளி. முன்கோல் 89. பின்கோலுக்கும் நடுக்கோலுக்கும் இடையே 20, நடுக்கோலுக்கும் முன்கோலுக்கும் இடையே 32. நடுக்கோலின் இரண்டு பாதியையும் இணைத்து ஒரு சின்னக் கொண்டையூசி வடிவக் கம்பி. 146 மெகாஹேர்ட்சைச் சற்றுத் தாண்டிய இடத்துக்கு வரைந்தது, 145க்கு வேண்டுமென்றால் எல்லாவற்றையும் நூற்றுக்கு ஒரு பங்கு நீட்டினால் போதும். நாடாவைத் தேர்ந்ததற்குக் காரணம் மலிவு மட்டுமில்லை. பற்றைக்குள் நுழையும்போது கோல் மடங்கும், வெளியே வந்ததும் நிமிரும். அலுமினியக் கோல் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். வளைந்த கோல் திசையைப் பிழையாகச் சொல்லும். எங்கட நாயுண்ணிப் பற்றைக்கும் முள்வேலிக்கும் எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

பொய் எங்கேயிருந்து வருகிறது

கோலின் உலோகத்தைப் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிறவர்கள், மௌனத்தை உண்மையில் கொல்கிற நான்கு இடங்களைப் பற்றி வாயே திறப்பதில்லை.

முதலாவது, கேபிள். அன்ரனாவிலிருந்து ரேடியோவுக்கு வரும் கேபிளின் வெளிவலையிலும் மின்னோட்டம் ஓடினால் கேபிளே நாலாவது கோலாகிவிடும். நீங்கள் அன்ரனாவைத் திருப்பலாம், கேபிள் தன் பாட்டில் எல்லாப் பக்கத்திலிருந்தும் சமிக்ஞை வாங்கிக்கொண்டிருக்கும். மௌனம் நிரம்பிவிடும். மருந்து மிகவும் மலிவு. நடுக்கோலுக்குக் கிட்டக் கேபிளை ஐந்தாறு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள், அல்லது பெரைற் வளையங்களைக் கோருங்கள். பிறகு கேபிளை நடுத்தண்டு வழியே பின்கோலுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். கோலுக்குச் சமாந்தரமாகத் தொங்கவிட வேண்டாம்.

கேபிளின் தரம் என்றால் 50 ஓமா 75 ஓமா என்று சண்டை பிடிப்பார்கள். கேட்பதற்கு மட்டும் பாவிக்கிற அன்ரனாவில் அந்தப் பொருத்தமின்மையால் போவது ஒரு டெசிபெலின் ஐந்தில் ஒரு பங்கு. பார்க்க வேண்டியது வலையின் நெருக்கம். மலிவான கேபிளைப் பிரித்தால் வலை ஐதாக, உள்ளே இருக்கிறது தெரிகிற மாதிரி இருக்கும். நரிக்குக் கிட்டப் போனதும் அதற்குள்ளால் சமிக்ஞை ஒழுகும். இன்னொரு விசயம், ரிவிக் கேபிள் பலவற்றின் வலை அலுமினியம். அதில் ஈயம் பிடிக்காது. பிடித்தது மாதிரி இருந்து அடுத்தநாள் கழன்றுவிடும். திருகுகிற இணைப்புத்தான் அதற்குச் சரி.

இரண்டாவது, ரேடியோவின் கோது. கையடக்க ரேடியோவின் கோது பிளாஸ்ரிக். கிட்டப் போகும்போது அன்ரனா இல்லாமலே கேட்கும். ரேடியோவை உலோகப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதற்குப் பிஸ்கட் ரின் போதும். மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும், விளிம்பில் பெயின்ற் இருந்தால் சுரண்ட வேண்டும், கேபிளின் வலை ரின்னோடு தொட வேண்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கின அன்ரனாவோடு பிளாஸ்ரிக் ரேடியோவைக் கையில் பிடித்துக்கொண்டு நரிக்குப் பக்கத்தில் சுத்திச் சுத்தி நின்ற ஆட்களை அன்றைக்குப் பார்த்தேன். ஒரு ரின் இருந்திருந்தால் பிடித்திருப்பார்கள்.

மூன்றாவது, இணைப்பு. உப்புக்காத்து அடிக்கிற ஊரில், பருத்தித்துறையோ மன்னாரோ, செப்புக்கம்பியை அலுமினியத்தோடு நேரடியாகத் திருகிவிட்டால் இரண்டும் சேர்ந்து ஒரு சின்னப் பற்றரி மாதிரி வேலை செய்யும். அலுமினியம் தின்னப்பட்டு வெள்ளைப் பொடியாகும். வெளியிலிருந்து பார்த்தால் அன்ரனா அதே பளபளப்போடு இருக்கும், இணைப்பு மட்டும் செத்திருக்கும். நடுவில் துருப்பிடிக்காத உருக்கு வோசர் போட்டு, மேலே கிறீஸ் பூசினால் தப்பலாம். உருக்கு நாடாவில் வேறு கதை. மஞ்சள் பெயின்ற்றைச் சாண்ட்பேப்பரால் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்தால்தான் ஈயம் பிடிக்கும். தேய்த்த இடம் துருப்பிடிக்கும், பத்த வைத்த பிறகு நகப்பூச்சு பூசிவிடுங்கள். ஆக எந்த உலோகத்திலும் வருத்தம் உண்டு, வருத்தத்தின் பெயர்தான் வேறு.

நான்காவது, கோல்களைப் பிடிக்கிற நடுத்தண்டு. கோல்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக, இரண்டு பக்கமும் ஒரே நீளமாக நிற்க வேண்டும். நடக்க நடக்கச் சுழலக்கூடாது. எஸ்லோன் பைப் இதற்கு நல்லது. 145 மெகாஹேர்ட்சில் அதனால் இழப்பென்று பெரிதாக ஒன்றும் இல்லை. வெயிலில் வருசக்கணக்காகக் கிடந்தால் நொருங்கும், அப்போது மாற்றலாம். கோலை இறுக்கக் குழாய் இறுக்குகிற கிளிப் போதும். உலோகத் தண்டும் பிழையில்லை, அதற்கேற்பக் கோல்களின் நீளத்தைத் திருத்த வேண்டும், அந்தக் கணக்கு தெரிந்த கணக்கு. ஆனால் தூண்டில் கடையில் விற்கிற கறுப்புக் காபன் தடி வேண்டாம். காபன் மின்சாரத்தைக் கடத்தும், ஆனால் மோசமாகக் கடத்தும். திருத்தக் கணக்கும் பிடிபடாது, இழப்பும் வரும். கண்ணாடி நார்த் தடி பரவாயில்லை. எது எதென்று சந்தேகமென்றால் மேல்பூச்சைச் சுரண்டி மல்ரிமீற்றரை வைத்துப் பாருங்கள்.

இந்த நாலு இடத்திலும் பொய் வராமல் தடுக்கத் தேவையானது கவனம், கொஞ்சப் பெரைற், ஒரு பிஸ்கட் ரின். இறக்குமதிப் பத்திரம் இல்லை.

குப்பைக் கவிதைக்காரருக்கும் ஒரு சொல்

இதுவரை வாசித்துத் தலையாட்டிய சில பேரை எனக்குத் தெரியும். "அதுதானே, எங்கட சனம் எதையும் வைச்சு எதையும் செய்யும்" என்று பதிவு போடப் போகிறவர்கள். பொறுங்கள், உங்களோடும் கணக்கு இருக்கிறது.

எங்கள் வட்டத்திலேயே ஒரு தம்பி பச்சை மூங்கிலில் அன்ரனா செய்து, இயற்கைப் பொருள், சுதேசியம் என்று எழுதிப் படம் போட்டான். படம் வடிவு. மழைக்குப் பிறகு கொண்டுபோனோம். ஈரம் குடித்த மரம் கோலின் இசைவை இழுக்கும், இழப்பையும் கூட்டும். அதோடு கோல்களைச் சணல்கயிற்றால் கட்டியிருந்தான். நனைந்து இளகி, பின்கோல் சரிந்து தொங்கியது. மௌனத் திசையென்று ஒன்றும் இல்லை, எல்லாப் பக்கமும் அரைகுறைச் சத்தம். ஒரு மணித்தியாலம் பிழையான ஒழுங்கைக்குள் நடந்தோம். மூங்கில் பிழையான பொருள் என்று சொல்லவில்லை. நன்றாகக் காய்ந்த மூங்கிலுக்கு வார்னிஷ் அடித்து, திருகாணியால் இறுக்கினால் அருமையான நடுத்தண்டு. பனஞ்சலாகையும் அப்படித்தான், பாரம் மட்டும் கூட. தம்பி பொருளைத் தேர்ந்தது அது தரும் கதைக்காக. சேர் அலுமினியத்தைத் தேர்ந்ததும் அதே காரணத்துக்காகத்தான். இரண்டு பேருமே அன்ரனாவை ஒரு படமாகத்தான் பார்த்தார்கள்.

1990களில் யாழ்ப்பாணத்தில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தைப் பற்றி வீட்டில் கேட்டுப் பாருங்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, தைனமோ மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். இன்றைக்கு அதைப் பற்றி உருகி உருகி எழுதுகிறோம். ஆனால் அதைச் செய்தவர்கள் உருகவில்லை. அவர்களுக்குச் செய்தி கேட்க வேண்டியிருந்தது. தைனமோ தருகிற மின்னழுத்தம் ரேடியோவுக்குக் கிட்டத்தட்டப் பொருந்தியது, அதனால் அதைத் தேர்ந்தார்கள். கேட்காமல் போயிருந்தால் அடுத்த நிமிசமே வேறொன்றைத் தேடியிருப்பார்கள். அந்தக் கண்டிப்பை விட்டுவிட்டு வறுமையின் வடிவை மட்டும் எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்கிற மரியாதை இல்லை.

பழைய ரிவி அன்ரனாக்கள் இன்னும் எத்தனையோ கூரைகளில் துருப்பிடித்த பைப்பின் நுனியில் நிற்கின்றன. ஒரு காலத்தில் கடலுக்கு அங்காலிருந்து தூரதர்சன் பார்க்க நிமிர்த்தியவையும் அதற்குள் உண்டு. அதன் அலுமினியத்தைக் கழற்றிப் பாவிக்கலாமா? தாராளமாக. ஆனால் முதலில் அளந்து பாருங்கள், கோல் நீளம் போதுமா என்று. பழைய இணைப்புகளை முழுக்க வெட்டி எறியுங்கள். "பழசு" என்பது ஒரு தகுதியும் இல்லை, குறையும் இல்லை.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். வெட்டிய நாடாவின் நுனி கத்தி. பிள்ளைகளோடு செய்யும்போது நான்கு மூலையையும் வட்டமாக வெட்டி, தடித்த ஒட்டுநாடா சுற்றாமல் ஒருவர் கையிலும் கொடுக்காதீர்கள். அலுமினியக்காரர் இதைச் சொல்லி நாடாவைக் குறை சொன்னால் அது மட்டும் நியாயமான குறை.

யார் பிடிக்கலாம்?

"சரி, உனக்கு நாடா பிடிச்சா நாடாவை வைச்சுக்கொள். இதில் கோபப்பட என்ன இருக்கு?" என்று கேட்கலாம்.

இருக்கிறது. மேசையில் ஒரு அன்ரனா இருந்தால் இருபத்தைந்து பேரும் பார்வையாளர்கள். ஆளுக்கொரு அன்ரனா இருந்தால் இருபத்தைந்து பேரும் வேட்டைக்காரர். திசைகாணல் கையால் படிக்கிற வித்தை. சுவரில் பட்டு வருகிற அலை எப்படி ஏமாற்றும், தண்ணித்தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் திசை எப்படிச் சாயும், சந்தேகம் வந்தால் இருபது அடி தள்ளி நின்று திரும்பப் பார்ப்பது எப்படி என்பதெல்லாம் பிழை விட்டுப் பிழை விட்டுத்தான் வரும். "தொடவேண்டாம்" என்ற அன்ரனாவில் பிழை விட ஏலாது. உடைந்தால் யார் காசு கட்டுவது? 2022க்குப் பிறகு இறக்குமதிச் சாமானின் விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். உடைந்தால் ஹாட்வெயார் கடைக்குப் போய் அன்றைக்கே திருத்தலாம் என்பதை நான் ஒரு தொழில்நுட்பத் தகுதியாகவே எண்ணுகிறேன், கடத்துதிறனைவிட மேலான தகுதியாக.

இந்த வித்தை வெறும் விளையாட்டும் இல்லை. காட்டு விலங்குக்குப் பூட்டிய கழுத்துப்பட்டியைத் தேடுகிறவர்கள் கையில் இருப்பது இதே யாகிதான். கடலில் விபத்துக்குள்ளான படகின் அவசரக் கருவி 406 மெகாஹேர்ட்சில் செய்மதிக்கு அறிவிக்கும். கிட்ட வந்து தேடுகிறவர்களுக்காக 121.5 மெகாஹேர்ட்சிலும் கூவும், அதைப் பிடிப்பது திசைகாணல்தான். 2004 சுனாமியில் தொலைபேசி செத்துப்போன இடங்களிலிருந்து செய்தி கொண்டுவந்தவர்களில் இந்த நாட்டு அமெச்சூர் வானொலிக்காரரும் இருந்தார்கள். அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய கொஞ்சப்பேர். அந்த எண்ணிக்கை கூட வேண்டுமா, இல்லையா?

எங்கட பக்கத்தில் இன்னொரு தடையும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. நான் முதல் நாடா அன்ரனாவைச் செய்து முடித்த அன்று அம்மா அதைக் கண்டதும், "உதைத் தூக்கிக்கொண்டு றோட்டால போகாத" என்றா. விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அன்ரனா பிடித்தவன் யார், எதற்குப் பிடித்தான் என்று கேட்கப்பட்ட காலத்தில் வாழ்ந்தவ. ஒலிபரப்புகிறவனின் இடத்தை அலையை வைத்தே கண்டுபிடிப்பது உலகப் போர்களிலிருந்து யுத்தக்காரரின் வித்தையாகவும் இருந்திருக்கிறது. ஆகவே ஒளித்துச் செய்யாதீர்கள். ஒலிபரப்புவதற்கு இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதிப்பத்திரம் வேண்டும், ஆகவே நரியை அனுமதிப்பத்திரம் உள்ளவரே இயக்கட்டும். கிராம சேவகருக்கும் அயலட்டைக்கும் முன்கூட்டியே சொல்லுங்கள். பகலில், கூட்டமாக, பிள்ளைகளோடு செய்யுங்கள். அந்த அச்சம் போக வேண்டுமென்றால் அன்ரனா சனத்தின் கையில், வெளிச்சத்தில் தெரிய வேண்டும். கறுப்புப் பைக்குள் இருக்கிற வெளிநாட்டுச் சாமான் அந்த அச்சத்தைக் கூட்டும். மேசன் நாடாவைப் பார்த்தால் அயலட்டை சிரிக்கும், பிறகு "தா பாப்பம்" என்று கை நீட்டும்.

நரி இல்லாவிட்டாலும் தொடங்கலாம். வீட்டு ரேடியோவை எடுத்துத் திருச்சியின் மௌனத் திசையைத் தேடுங்கள். அயலில் எந்த வீட்டு மின்குமிழ் ரேடியோவில் இரைச்சல் போடுகிறது என்று பிடியுங்கள். பிறகு பெரிய வளைய அன்ரனா ஒன்று சுற்றிப் பாருங்கள். பழைய ரான்ஸ்போமர் கம்பியும் காய்ந்த மரச்சட்டமும் காணும். வளையத்தை உலோகக் குழாயால் மூடினால் மேற்பக்கத்தில் ஒரு வெட்டு விட மறக்காதீர்கள். முழுக்க மூடினால் உள்ளே ஒன்றும் வராது.

அலுமினியத்துக்கு நான் எதிரியில்லை. வீட்டுக் கூரையில் பத்து வருசம் நிற்கப் போகிற அன்ரனாவுக்கு நானும் அலுமினியந்தான் வாங்குவேன். அங்கே நாடா துருப்பிடித்துத் தொங்கும். வேலை மாறினால் பொருள் மாறும், அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தங்கச்சியின் கதை. பட்டறை முடிந்து எல்லோரும் பஸ்சுக்குப் போனபிறகு, நரி இன்னும் அணைக்கப்படாமல் கூவிக்கொண்டிருந்தது. நானும் அவளும் இன்னும் இரண்டு பேரும் நின்றோம். அவளுடைய நாடா அன்ரனா, என் பழைய கையடக்க ரேடியோ, ரீ அறையிலிருந்து கேட்டு வாங்கின பிஸ்கட் ரின். கேபிளில் சுற்று இருக்கவில்லை, அங்கேயே சுற்றி இன்சுலேசன் நாடாவால் கட்டினோம். முன்னால் பார்த்தாள், பின்னால் திருப்பிப் பார்த்தாள், சுவருக்குப் பக்கத்தில் ஏமாந்தாள், தள்ளி நின்று திரும்பப் பார்த்தாள். கால்மணித்தியாலத்தில், மோட்டர் கொட்டிலுக்குப் பின்னால், கவிழ்த்து வைத்த பூச்சட்டிக்குள் இருந்து நரியை எடுத்தாள்.

சேரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். "ஆ, எடுத்திட்டீங்களா, நல்லது" என்று வாங்கிப் பைக்குள் வைத்தார். எதால் எடுத்தாய் என்று கேட்கவில்லை.

அவர் கேட்காத கேள்விக்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.